பல வன்வட்டுகள், ஒரு தருக்க வட்டு: றெயிட் தேக்கக முறைமையும் அதன் அமைவடிவத்தைப் பேணலும்



துணைத் தேக்ககம் என்னும் பகுதியில் வன்வட்டு, இறுவட்டு, பென் ட்ரைவ் என்பவற்றைக் கற்றிருக்கிறீர்கள். இரும எண்களையும் தருக்கப் படலைகளையும் வேறு பாடங்களில் கற்றிருக்கிறீர்கள். இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று பலர் எண்ணுவதுண்டு. அவை மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பதை இப்பாடத்தில் காணலாம். "றெயிட்" என்ற சொல் வினாத்தாளில் நேரடியாக வராமல் இருக்கலாம். ஆயினும் தேக்ககக் கொள்ளளவு, இருமக் கணிப்பு, தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் வரும் வினாக்களுக்கு இது உறுதியான அடித்தளமாக அமையும்.

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்

• பௌதிக வட்டுக்கும் தருக்க வட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவீர்கள்.
• றெயிட் மட்டங்களின் பயன்படு கொள்ளளவைக் கணிப்பீர்கள்.
• சமநிலைப் பிற்றைக் கொண்டு இழந்த தரவை மீளப் பெற்றுக் காட்டுவீர்கள்.
• அமைவடிவம் என்றால் என்ன, அதைச் சேமித்து வைப்பது ஏன் என்பவற்றை எடுத்துரைப்பீர்கள்.
• றெயிட்டுக்கும் காப்புப்பிரதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவீர்கள்.

1. ஏன் பல வன்வட்டுகள்?

1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் றமாக் 305 என்னும் கணினியை வெளியிட்டது. வன்வட்டுடன் விற்பனைக்கு வந்த முதற் கணினி இதுவாகும். அதன் தேக்கக அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துருக்களையே கொண்டன. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பென் ட்ரைவ் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கொள்ளும்.

கொள்ளளவு பெருகினாலும் ஒரு குறை நீங்கவில்லை. வன்வட்டு சுழலும் பாகங்களைக் கொண்ட ஒரு பொறி. எந்தப் பொறியும் ஒரு நாள் பழுதடையும். ஒரு வங்கியின் கணக்குகளோ வைத்தியசாலையின் நோயாளர் பதிவுகளோ ஒரே ஒரு வட்டில் இருந்தால், அது பழுதடையும் நாளில் அங்கு வேலையே நின்றுவிடும்.

இதற்கான வழியை 1988 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தனர். விலை கூடிய ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக, விலை குறைந்த பல சிறு வட்டுகளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதும், மேலதிகத் தகவலைச் சேர்த்து எழுதி வைத்தால் ஒரு வட்டு பழுதடைந்தாலும் தரவு தப்பும் என்பதுமே அவர்கள் கூறியதன் சாரம். இவ்வாறு சேர்க்கப்பட்ட வட்டு வரிசையே றெயிட் எனப்படும்.

2. பௌதிக வட்டும் தருக்க வட்டும்

கையால் தொட்டு, கழற்றி, மேசைமீது வைக்கக்கூடிய வட்டு பௌதிக வட்டு ஆகும். பல பௌதிக வட்டுகளை ஒன்றுசேர்த்து, பணிசெயல் முறைமைக்கு ஒரே வட்டாகக் காட்டப்படுவது தருக்க வட்டு ஆகும். இதனை லொஜிக்கல் ட்ரைவ் என்றும் அழைப்பர்.

இவ்விரண்டுக்கும் இடையில் நின்று வேலை செய்வது றெயிட் கட்டுப்படுத்தி. இது ஒரு தனி அட்டையாக இருக்கலாம். அல்லது பணிசெயல் முறைமையில் இயங்கும் மென்பொருளாகவும் இருக்கலாம். லினக்ஸ் முறைமையில் உள்ள எம்டிஅட்ம் என்னும் மென்பொருள் இரண்டாம் வகைக்கு உதாரணமாகும்.

ஒழுங்கை மனதில் பதித்துக் கொள்ளுங்கள்:

பௌதிக வட்டுகள் → றெயிட் கட்டுப்படுத்தி → தருக்க வட்டு → பிரிவிடல் → வடிவமைத்தல் → கோப்புகள்

பிரிவிடலையும் தருக்க வட்டையும் மாணவர் பலர் குழப்பிக் கொள்கின்றனர். பல வட்டுகளை ஒன்றாக்குவது தருக்க வட்டு. அந்த ஒன்றைப் பணிசெயல் முறைமையில் பல பகுதிகளாகப் பிரிப்பது பிரிவிடல்.

3. றெயிட் மட்டங்கள்

தரவை வட்டுகளில் எவ்வாறு பரப்பி எழுதுவது என்பதைக் குறிப்பது மட்டம் ஆகும். வட்டுகளின் எண்ணிக்கையை ந எனவும் ஒரு வட்டின் கொள்ளளவைக் கொ எனவும் கொள்வோம்.

றெயிட் 0 (பட்டியிடல்): தரவு துண்டுகளாக்கப்பட்டு வட்டுகளில் மாறி மாறி எழுதப்படும். வேகம் கூடும். பயன்படு கொள்ளளவு ந × கொ. ஆனால் பாதுகாப்பு இல்லை. ஒரு வட்டு போனால் தருக்க வட்டு முழுவதும் போகும்.

றெயிட் 1 (ஆடிப் பிரதி): ஒரே தரவு இரு வட்டுகளிலும் எழுதப்படும். கொள்ளளவு கொ மாத்திரமே. ஒன்று பழுதடைந்தால் மற்றையது கைகொடுக்கும்.

றெயிட் 5: தரவோடு சமநிலைத் தகவலும் எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து எழுதப்படும். குறைந்தது 3 வட்டுகள் தேவை. கொள்ளளவு (ந − 1) × கொ. ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்.

றெயிட் 6: இரு வகைச் சமநிலைத் தகவல்கள் எழுதப்படும். குறைந்தது 4 வட்டுகள் தேவை. கொள்ளளவு (ந − 2) × கொ. எந்த இரு வட்டுகளின் இழப்பையும் தாங்கும்.

றெயிட் 10: ஆடிப் பிரதிச் சோடிகள் பல, பட்டியிடல் மூலம் இணைக்கப்படும். பொதுவாகக் குறைந்தது 4 வட்டுகள். கொள்ளளவு (ந ÷ 2) × கொ. ஒவ்வொரு சோடியிலும் ஒரு வட்டு வீதம் இழப்பைத் தாங்கும். ஒரே சோடியின் இரண்டும் போனால் தரவு போகும்.

உதாரணம் 1
500 கிகாபைற்று கொண்ட 4 வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு மட்டத்திலும் பயன்படு கொள்ளளவு யாது?

றெயிட் 0: 4 × 500 = 2000 கிகாபைற்று
றெயிட் 5: (4 − 1) × 500 = 1500 கிகாபைற்று
றெயிட் 6: (4 − 2) × 500 = 1000 கிகாபைற்று
றெயிட் 10: (4 ÷ 2) × 500 = 1000 கிகாபைற்று

றெயிட் 6 உம் 10 உம் இங்கு ஒரே கொள்ளளவைத் தருகின்றன. ஆனால் எந்த இரு வட்டுகள் போனாலும் தாங்குவது றெயிட் 6 மட்டுமே.

உதாரணம் 2
500, 500, 400 கிகாபைற்று கொண்ட 3 வட்டுகளில் றெயிட் 5 அமைத்தால்?

வட்டுகள் சமமாக இல்லாதபோது மிகச் சிறிய வட்டின் அளவே எல்லாவற்றுக்கும் எடுக்கப்படும். எனவே (3 − 1) × 400 = 800 கிகாபைற்று. பெரிய வட்டுகள் இரண்டிலும் 100 கிகாபைற்று வீதம் இத்தருக்க வட்டுக்குப் பயன்படாமல் மிஞ்சும். "சிறியதைக் கொண்டு கணிக்குக" என்பதை மறந்தால் விடை பிழைக்கும்.

4. சமநிலைப் பிற்று: இழந்ததை மீட்கும் கணக்கு

மூன்று வட்டுகளிலும் தரவு இருக்க, நான்காவதில் அவற்றின் பிரதி இல்லாமலேயே எப்படி எந்த ஒன்றையும் மீட்க முடிகிறது? இது மந்திரம் அன்று. வெறும் ஒற்றை, இரட்டைக் கணக்கு.

விதி: ஒரே நிரலில் உள்ள 1களின் எண்ணிக்கை, சமநிலைப் பிற்றையும் சேர்த்து, எப்போதும் இரட்டை எண்ணாக இருத்தல் வேண்டும்.

வட்டு அ : 1 0 1 1
வட்டு ஆ : 0 1 1 0
வட்டு இ : 1 1 0 0
சமநிலை : 0 0 0 1

முதலாம் நிரலில் 1, 0, 1. இரண்டு 1கள் உள்ளன, இரட்டை. எனவே சமநிலைப் பிற்று 0. நான்காம் நிரலில் 1, 0, 0. ஒரு 1 மட்டுமே, ஒற்றை. இரட்டையாக்குவதற்குச் சமநிலைப் பிற்று 1.

இப்போது வட்டு ஆ பழுதடைந்து விட்டது எனக் கொள்வோம்.

வட்டு அ : 1 0 1 1
வட்டு ஆ : ? ? ? ?
வட்டு இ : 1 1 0 0
சமநிலை : 0 0 0 1

முதலாம் நிரல்: 1, 1, 0. ஏற்கெனவே இரட்டை. எனவே இழந்தது 0.
இரண்டாம் நிரல்: 0, 1, 0. ஒற்றை. எனவே இழந்தது 1.
மூன்றாம் நிரல்: 1, 0, 0. ஒற்றை. எனவே இழந்தது 1.
நான்காம் நிரல்: 1, 0, 1. இரட்டை. எனவே இழந்தது 0.

கிடைத்தது 0110. இது வட்டு ஆ இல் இருந்த அதே தரவு. புதிய வட்டைப் பொருத்தியதும் கட்டுப்படுத்தி இக்கணக்கைக் கோடிக்கணக்கான தடவை செய்து அதை நிரப்பும். இது மீளக்கட்டல் எனப்படும்.

இரு வட்டுகள் ஒரே வேளையில் இழக்கப்பட்டால் ஒரு நிரலில் இரு வினாக்குறிகள் வரும். ஒரு சமன்பாட்டைக் கொண்டு இரு தெரியாக் கணியங்களைக் காண முடியாது என்பதை நீங்கள் கணித பாடத்தில் அறிவீர்கள். றெயிட் 5 ஏன் ஒரு வட்டின் இழப்பை மட்டும் தாங்குகிறது என்பதற்கு அதுவே காரணம்.

5. தருக்க வட்டை உருவாக்கலும் முகாமை செய்தலும்

கட்டுப்படுத்திகளின் பட்டியல்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆனால் படிமுறைகள் பெரும்பாலும் ஒன்றே.

படி 1: இணைக்கப்பட்டுள்ள பௌதிக வட்டுகளின் பட்டியலைப் பார்த்தல். எந்தத் துளையில் எந்த வட்டு உள்ளது என்பதை எழுதிக் கொள்ளல்.
படி 2: தேவைக்கேற்ற றெயிட் மட்டத்தைத் தெரிதல்.
படி 3: அதில் உறுப்பாகும் வட்டுகளைத் தெரிதல்.
படி 4: துண்டின் அளவைத் தெரிதல். ஒரு வட்டில் எவ்வளவு எழுதிய பின் அடுத்த வட்டுக்குத் தாவுவது என்பதே துண்டின் அளவு.
படி 5: இயலுமாயின் ஒரு தயார்நிலை வட்டை ஒதுக்குதல். பழுதடையும் வட்டின் இடத்தை இது தானாகவே எடுத்துக் கொள்ளும்.
படி 6: தொடக்கநிலைப்படுத்தல்.
படி 7: பணிசெயல் முறைமையில் பிரிவிடலும் வடிவமைத்தலும்.
படி 8: அமைவடிவத்தைச் சேமித்தல்.

மாணவரே, எட்டாவது படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். முறைமை அதற்கு முன்னரே வேலை செய்யத் தொடங்கிவிடுவதுதான் காரணம். அதன் விலையைக் கீழே காண்பீர்கள்.

தருக்க வட்டின் நிலைகள் மூன்றை அறிந்திருத்தல் போதுமானது. எல்லா வட்டுகளும் நலமாயின் இயல்பு நிலை. தாங்கக்கூடிய அளவில் வட்டு இழக்கப்பட்டிருப்பின் குறைநிலை. தாங்கும் அளவுக்கு மேல் இழக்கப்பட்டிருப்பின் செயலிழந்த நிலை. குறைநிலையில் கோப்புகள் வழமைபோலத் திறபடும். இதனால் பயனர் எதையும் உணரமாட்டார். மணி ஒலித்தாலும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் எவரும் கவனியாத அலுவலகங்களில், இரண்டாவது வட்டும் பழுதடையும் நாளில்தான் முதலாவது பழுதடைந்த விடயமே தெரியவரும்.

குறைநிலையில் செய்யக்கூடிய பெரும் பிழை, பழுதான வட்டுக்குப் பதிலாக நல்ல வட்டைக் கழற்றுவது. றெயிட் 5 இல் இது நிகழ்ந்தால் அந்தக் கணமே இரு வட்டுகள் இல்லை என்றாகும். எனவே கழற்றுமுன் துளை எண்ணையும் வட்டின் தொடரிலக்கத்தையும் இரு தடவை ஒப்பிடுக.

மின்தடையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். பல கட்டுப்படுத்திகளில் பதுக்கு நினைவகம் உண்டு. எழுதவேண்டிய தரவை அதில் வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று அவை கூறிவிடும். அவ்வேளை மின் நின்றால் அத்தரவு இழக்கப்படும். இதைத் தடுக்கவே கட்டுப்படுத்தியில் மின்கலம் பொருத்தப்படுகிறது. 2022 இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விரிவாக விளக்கத் தேவையில்லை.

6. அமைவடிவம்: வட்டுகளின் காணி உறுதி

இப்பாடத்தின் மையப்பகுதி இதுவாகும். ஓர் எளிய சோதனையைச் செய்து பார்ப்போம்.

"திருகோணமலை" என்னும் சொல்லில் ஆறு எழுத்துகள் உள்ளன: தி, ரு, கோ, ண, ம, லை. இதனை 3 வட்டுகள் கொண்ட றெயிட் 0 இல், துண்டுக்கு ஓர் எழுத்து வீதம் எழுதுவோம்.

வட்டு 1: தி, ண
வட்டு 2: ரு, ம
வட்டு 3: கோ, லை

1, 2, 3 என்ற ஒழுங்கில் துண்டு துண்டாக வாசித்தால் திருகோணமலை கிடைக்கும்.

இப்போது வட்டுகளின் ஒழுங்கை 2, 1, 3 என மாற்றி வாசியுங்கள்: ருதிகோமணலை.

ஒழுங்கைச் சரியாக வைத்து, துண்டின் அளவை மட்டும் இரண்டு எழுத்து எனப் பிழையாகக் கொண்டு வாசியுங்கள்: திணருமகோலை.

அவதானியுங்கள். ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. மூன்று வட்டுகளும் நலமாக உள்ளன. ஆயினும் சொல் இல்லை. இழந்தது தரவை அன்று. தரவை வாசிக்கும் முறையை.

இந்த வாசிக்கும் முறையே அமைவடிவம். அதில் அடங்குபவை:

• றெயிட் மட்டம்
• உறுப்பு வட்டுகள் எவை என்பது
• வட்டுகளின் ஒழுங்கு
• துண்டின் அளவு
• தருக்க வட்டின் கொள்ளளவும் தொடக்க இடமும்
• தயார்நிலை வட்டு எது என்பது

காணியை நினைத்துப் பாருங்கள். காணி எங்கும் போகாது. இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் உறுதி தொலைந்தால் எல்லை எது, பாதை எது, யாருக்கு எந்தத் துண்டு என்பவற்றை நிறுவ முடியாமல் உரியவரே வெளியே நிற்க நேரிடும். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். அமைவடிவம் வட்டுகளின் காணி உறுதி.

அமைவடிவம் எங்கே சேமிக்கப்படுகிறது?

(அ) கட்டுப்படுத்தியின் உள்ளே, மின் இல்லாதபோதும் அழியாத நினைவகத்தில்.
(ஆ) பௌதிக வட்டுகளிலேயே, கோப்புகளுக்கு ஒதுக்காத ஒரு சிறு பகுதியில். இதனால் கட்டுப்படுத்தி பழுதடைந்தாலும் அதற்குப் பொருந்தும் இன்னொரு கட்டுப்படுத்தியால் வட்டுகளை இனங்காண இயலும்.
(இ) வெளியே, ஒரு கோப்பாக அல்லது தாளில் எழுதிய குறிப்பாக.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2010 இல் ஒறக்கிள் நிறுவனத்துடன் சேரும் முன்னர் விற்ற ஸ்ரோர்எட்ஜ் 3000 வரிசைத் தேக்ககங்களில், கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் உள்ள அமைப்புகளை வட்டுகளின் ஒதுக்கிய பகுதியில் சேமிக்கவும் பின்னர் அங்கிருந்து மீட்கவும் தனித் தெரிவுகள் இருந்தன. லினக்ஸில் ஒவ்வோர் உறுப்பு வட்டிலும் அமைவடிவக் குறிப்பு எழுதப்படுவதோடு, அதன் விபரத்தைத் தனிக் கோப்பிலும் எழுதி வைக்கலாம்.

சேமித்த அமைவடிவம் பற்றிய மூன்று விதிகள்:

முதலாவது, தருக்க வட்டில் மாற்றம் செய்த ஒவ்வொரு தடவையும் மீண்டும் சேமிக்குக. பழைய உறுதியைக் கொண்டு புதிய எல்லையைக் காட்ட முடியாது.

இரண்டாவது, அந்தக் கோப்பை அதே தருக்க வட்டில் மட்டும் வைக்காதீர்கள். அலுமாரியின் திறப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது போலாகிவிடும். பென் ட்ரைவிலோ தாளிலோ வேறிடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, மீட்டல் என்னும் தெரிவை அழுத்துமுன் அது என்ன செய்யும் என வாசியுங்கள். சில முறைமைகள் சேமித்த கோப்பைக் கொண்டு தருக்க வட்டுகளைப் புதிதாகவே உருவாக்கும். அவ்வாறாயின் இருக்கும் தரவு அழியும். "ஒன்றுசேர்" என்பதும் "உருவாக்கு" என்பதும் ஒன்றல்ல. முன்னையது உள்ளதை வாசிக்கும். பின்னையது புதிதாக எழுதும்.

7. என் கண்முன் நிகழ்ந்த ஒரு தவறு

நான் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன். கணினியைப் பின்னரே கற்றேன். ஆகவே இப்பாடத்தை நூலிலிருந்து மட்டுமல்லாது, இழப்பிலிருந்தும் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த ஒரு கல்வி நிலையத்தில் பழைய சேவையகக் கணினி ஒன்று இருந்தது. மூன்று வட்டுகள், றெயிட் 5. நான்கு ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்த மாதிரி வினாத்தாள்களும் மாணவர்களின் புள்ளிப் பதிவுகளும் அதில் இருந்தன. ஒரு மாலை இடி மின்னலோடு கட்டுப்படுத்தி அட்டை பழுதாயிற்று. வட்டுகள் மூன்றுக்கும் ஒன்றும் நேரவில்லை.

அதே வகை அட்டை ஒன்று தேடிப் பொருத்தப்பட்டது. கணினியை இயக்கியதும் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. வேறொரு கட்டுப்படுத்தி எழுதிய அமைவடிவம் இவ்வட்டுகளில் காணப்படுகிறது. அதை ஏற்றுக்கொள்வதா, நீக்குவதா என்பதே அதன் பொருள். ஏற்றுக்கொள் என்று அழுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். பழுது பார்க்க வந்தவர் அந்த அறிவித்தலை ஒரு வழுவென்று எண்ணி நீக்கினார். பின் மூன்று வட்டுகளையும் தெரிந்து புதிய றெயிட் 5 உருவாக்கி, முழுத் தொடக்கநிலைப்படுத்தலையும் செய்தார். அதாவது வட்டு முழுவதும் பூச்சியம் எழுதப்பட்டது.

நானும் அருகில்தான் நின்றேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் அவருக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். நாங்கள் பின்னர் மீட்டது, எட்டு மாதங்களுக்கு முன் நான் இறுவட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோன வினாத்தாள்களை மாத்திரமே. பரீட்சைக்கு ஏழு வாரங்கள் இருந்தன. ஏனையவற்றை மாணவர்களின் கொப்பிகளிலிருந்து இரவிரவாக மீண்டும் தட்டச்சுச் செய்தோம். புள்ளிப் பதிவுகள் திரும்பவே இல்லை.

அட்டை போனதால் தரவு போகவில்லை. ஒரு வசனத்தை வாசிக்காததால் போயிற்று. நீக்கிய பின்னும்கூட, புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்தியிருந்தால், பழைய அமைவடிவத்தின் குறிப்பு எங்களிடம் இருந்திருந்தால், மீட்க வாய்ப்பு இருந்தது. அந்தக் குறிப்பை நாங்கள் ஒருபோதும் எழுதவில்லை. எட்டாவது படியின் விலை என்று நான் மேலே கூறியது இதைத்தான்.

8. றெயிட் காப்புப்பிரதி அன்று

இவ்வசனத்தை அப்படியே மனனம் செய்யுங்கள். காரணம் கேட்டால் பின்வருமாறு எழுதுங்கள்.

• தவறுதலாக அழித்த கோப்பு ஆடிப் பிரதியிலும் உடனே அழியும்.
• நச்சுநிரல் மாற்றிய கோப்பு எல்லா வட்டுகளிலும் மாறியே இருக்கும்.
• தீ, வெள்ளம், களவு என்பன எல்லா வட்டுகளையும் ஒன்றாகவே கொண்டுபோகும்.
• அமைவடிவம் பிழையாக மாற்றப்பட்டால் றெயிட் தன்னைத் தானே காக்காது.

றெயிட் வட்டின் பழுதிலிருந்து காக்கும். காப்புப்பிரதி மனிதரின் பிழையிலிருந்தும் காக்கும். இரண்டும் தேவை. காப்புப்பிரதி வேறு ஊடகத்தில், வேறு இடத்தில் இருத்தல் வேண்டும்.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி ஒன்று: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. 500 கிகாபைற்று கொண்ட 5 வட்டுகளில் அமைக்கும் றெயிட் 5 இன் பயன்படு கொள்ளளவு கிகாபைற்றில்
(1) 500 (2) 1500 (3) 2000 (4) 2500

2. 250, 320, 320 கிகாபைற்று கொண்ட 3 வட்டுகளில் அமைக்கும் றெயிட் 5 இன் பயன்படு கொள்ளளவு கிகாபைற்றில்
(1) 500 (2) 570 (3) 640 (4) 890

3. வட்டு ஒன்று பழுதடைந்தவுடன் முழுத் தரவையும் இழப்பது
(1) றெயிட் 0 (2) றெயிட் 1 (3) றெயிட் 5 (4) றெயிட் 6

4. சேமித்த அமைவடிவக் கோப்பில் இடம்பெறாதது
(1) றெயிட் மட்டம் (2) துண்டின் அளவு (3) வட்டுகளின் ஒழுங்கு (4) பயனரின் கோப்புகளின் உள்ளடக்கம்

5. கட்டுப்படுத்தியை மாற்றிய பின், வட்டுகளில் வேறோர் அமைவடிவம் உள்ளதாக அறிவித்தல் வருகிறது. தரவு தேவையாயின் முதலில் செய்ய வேண்டியது
(1) நீக்குதல் (2) புதிய தருக்க வட்டை உருவாக்குதல் (3) எதையும் எழுதாமல் நிறுத்தி, விபரத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளல் (4) வட்டுகளை வடிவமைத்தல்

பகுதி இரண்டு: கட்டமைப்பு வினாக்கள்

6. வட்டு அ : 1101, வட்டு ஆ : 0011, சமநிலை : 1010. வட்டு இ பழுதடைந்துள்ளது. அதன் தரவைக் காண்க.

7. "முல்லைத்தீவு" என்னும் சொல் 3 வட்டுகள் கொண்ட றெயிட் 0 இல் துண்டுக்கு ஓர் எழுத்து வீதம் எழுதப்படுகிறது.
(அ) ஒவ்வொரு வட்டிலும் உள்ள எழுத்துகளை எழுதுக.
(ஆ) வட்டுகளின் ஒழுங்கு 3, 2, 1 எனப் பிழையாகக் கொள்ளப்பட்டால் முதல் மூன்று எழுத்துகள் யாவை?
(இ) இதிலிருந்து அமைவடிவத்தின் முக்கியத்துவத்தை ஒரு வசனத்தில் எழுதுக.

8. ஒரு நூலகத்திடம் 1 தெராபைற்று கொண்ட 4 வட்டுகள் உள்ளன. நூற்பட்டியலும் மின்வருடிய பழைய பத்திரிகைகளும் அவற்றில் வைக்கப்படவுள்ளன. இரு வட்டுகள் எவையாயினும் பழுதடைந்தாலும் தரவு தப்புதல் வேண்டும். பொருத்தமான மட்டம், பயன்படு கொள்ளளவு, மேலதிகமாக எடுக்கவேண்டிய இரு நடவடிக்கைகள் என்பவற்றைத் தருக.

விடைகள்

1 – (3). 2 – (1). 3 – (1). 4 – (4). 5 – (3).

6. நிரல் 1: 1, 0, 1 இரட்டை, 0. நிரல் 2: 1, 0, 0 ஒற்றை, 1. நிரல் 3: 0, 1, 1 இரட்டை, 0. நிரல் 4: 1, 1, 0 இரட்டை, 0. விடை 0100.

7. (அ) வட்டு 1: மு, த். வட்டு 2: ல், தீ. வட்டு 3: லை, வு. (ஆ) லை, ல், மு. (இ) தரவு அழியாதிருப்பினும் வட்டுகளின் ஒழுங்கு தெரியாவிடின் அதைப் பயன்படுத்த முடியாது.

8. றெயிட் 6; (4 − 2) × 1 = 2 தெராபைற்று. நடவடிக்கைகள்: வேறிடத்தில் காப்புப்பிரதி பேணல், அமைவடிவத்தைச் சேமித்து வெளியே வைத்தல். றெயிட் 10 என எழுதினால் கொள்ளளவு பொருந்தும். ஆனால் "எவையாயினும்" என்ற சொல்லுக்குப் பொருந்தாது. வினாவின் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மாணவர்களே, வினாத்தாளானாலும் கணினித் திரையானாலும் விதி ஒன்றுதான். முழுவதும் வாசியுங்கள்; விளங்கிக் கொள்ளுங்கள்; அதன் பின்னரே விடையைத் தெரியுங்கள். வீட்டில் கணினி இருந்தால், இன்று இரவே உங்கள் குறிப்புகளை வேறோர் ஊடகத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கணினி இல்லாதோர், நண்பரின் கொப்பியில் உங்கள் குறிப்பும் உங்கள் கொப்பியில் நண்பரின் குறிப்பும் இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். அதுவும் ஓர் ஆடிப் பிரதியே.

பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற வாழ்த்துகிறேன்.